அனுமதி மறுக்கப்படுவது ஏன்? – வலையமைப்புச் சேமிப்பகமும் மெய்நிகராக்கச் சேவையகமும்

தாமோதரம்பிள்ளையவர்களும் சாமிநாதையரவர்களும் ஏட்டுச் சுவடி தேடி ஊரூராய் அலைந்த வரலாற்றை நம் மாணவர் அறிவர். அக்காலத்து ஏடு தேடுவார்க்கு நேர்ந்த தடைகளை ஒருவாறு இரண்டாக வகுக்கலாம். ஏடுடையார் வாயிலிலேயே நிறுத்தி, இங்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுதல் ஒன்று. உள்ளே அழைத்து, உபசரித்து, பெட்டியையும் காட்டி, அதனைத் திறத்தற்கு மாத்திரம் இசையாதுவிடுதல் மற்றொன்று. இரண்டிடத்தும் வந்தவர் வெறுங்கையராய் மீள்வரேனும் தடை நின்ற இடம் வேறு. ஆதலின் பரிகாரமும் வேறு. முன்னையதற்கு ஓர் அறிமுகக் கடிதம் போதும். பின்னையதற்கு அக்கடிதம் ஆயிரம் இருப்பினும் பயனில்லை.

கணினிகள் ஒன்றன் சேமிப்பகத்தை மற்றொன்று நாடும்போதும் இவ்விரு தடைகளுமே நேர்கின்றன. திரையில் தோன்றும் வாசகம் பெரும்பாலும் ‘பேர்மிஷன் டினைட்’, அதாவது ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பதே. மறுத்தவர் யார், எவ்விடத்தில் மறுத்தார் என்பதை அது விளக்கிச் சொல்லுவதில்லை. இதனை வேறுபடுத்தி அறியாமையால் ஒரு பாடசாலையில் நேர்ந்த இடுக்கணையும், அதனைத் தீர்க்கப் புகுந்தபோது கற்றவற்றையும் ஈண்டு எழுதலாமென எண்ணினேன். யான் கணினியைத் தொழிலாகப் பயின்றவனல்லன். புறநிலை மாணவனாகக் கலைப்பட்டம் பெற்ற ஆசிரியன். ஆகவே பொறியியலார்க்குப் புதிதென ஒன்றும் இதிற் கிடையாது. பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் இப்பணியைத் தலைமேற் போட்டுக்கொண்டு திகைப்பவர்க்கே இது.

மாங்குளம் கண்டி வீதியும் முல்லைத்தீவு வீதியும் கூடுஞ் சந்தி. 2008 இலும் 2009 இலும் இப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்து சென்றபோது வீடுகளோடு ஆவணங்களும் அழிந்தன. பிறப்புச் சான்றிதழை மீளப் பெறுதற்கு அரச பதிவேடுகள் உதவின. ஆனால் இன்ன பிள்ளை இன்ன ஆண்டில் இன்ன வகுப்பிற் சேர்ந்தது என்பதற்கு அவ்வப் பாடசாலையின் சேர்விடாப்பை அன்றி வேறு சான்று இல்லை. விடுகைப் பத்திரம் வேண்டி இன்றும் பழைய மாணவர் வருகின்றனர். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தமையை அறிந்த நாம், 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத் தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப் பிரதிகளாக்கிப் பேணுவதையும் அறிவோம். அவ்வழியைப் பின்பற்றி, யான் அறிந்த அப்பாடசாலையிலும் எஞ்சிய சேர்விடாப்புக்களும் சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டன. கறையான் அரித்த சில தாள்கள், படமெடுத்து முடிந்தபின் கையிற் பொடிந்துபோயின. அவற்றுக்குப் படமே இனி மூலம்.

அப்படங்களைத் தாங்கிநின்ற அமைப்பை முதலில் விளக்குதல் வேண்டும். மெய்நிகராக்கச் சேவையகம் என்பது, ஒரு கணினியின் செயலியையும் நினைவகத்தையும் பகுத்து, அதனுள்ளே பல கணினிகளைத் தனித்தனியே இயங்குவன போல நடத்துவது. விஎம்வெயார் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ இத்துறையிற் பெயர்பெற்றது. அந்நிறுவனத்தை 2023 நவம்பரில் புறொட்கொம் நிறுவனம் வாங்கியபின் உரிமக் கட்டண முறைகள் மாறவே, சிறிய நிறுவனங்கள் பல வியன்னாவிலிருந்து 2008 முதல் வெளிவரும் புறொக்ஸ்மொக்ஸ் என்னும் திறந்த மூல மென்பொருளை நாடின. எதுவாயினும் கொள்கை ஒன்றே. உள்ளே இயங்கும் ஒவ்வொரு மெய்நிகர்க் கணினிக்கும் ஒரு வன்தட்டு உண்டு போலத் தோன்றினும், அது உண்மையில் ஒரு பெரிய கோப்பே. கோப்பாதலின் அதனை வேறொரு கணினியிலும் வைக்கலாம். அதன் காப்புப் பிரதியையும் அங்கே எழுதலாம். அவ்வாறு வலையமைப்பின் வழியே பிறருக்கு இடந்தரும் பொறியே வலையமைப்புச் சேமிப்பகம். கடையிற் பெட்டியாக வாங்குவதும் உண்டு. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவி ஆக்கிக்கொள்வதும் உண்டு. மேற்படி பாடசாலையில் இருந்தது இரண்டாவது வகை.

சேவையகமும் சேமிப்பகமும் பேசிக்கொள்ளும் மொழிகளுள் முதன்மையானது என்.எவ்.எஸ். என்னும் நெறிமுறை. சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தார் 1984 இல் ஆக்கியது இது. மூன்றாம் பதிப்பு 1995 இலும், நான்காம் பதிப்பின் முதல் வரையறை 2000 இலும் வெளிவந்தன. இன்று இவ்விரண்டுமே வழக்கில் உள்ளன. இதன் இயல்பொன்றை மனத்திற் கொள்ளாதவர்க்குப் பின்வருவன எவையும் விளங்கா. சாதாரண அமைப்பில் இந்நெறிமுறை கடவுச்சொல் கேட்பதில்லை. நாடிவரும் கணினி, ‘யான் இன்ன எண்ணுடைய பயனர், இன்ன இன்ன குழுக்களைச் சேர்ந்தவன்’ என்று தானே சொல்லும், சேமிப்பகம் அச்சொல்லை அப்படியே நம்பும். பெயரைக்கூடச் சொல்வதில்லை, எண் மாத்திரமே. ஓர் அலுவலகத்துக்கு ஒருவர் சென்று, அடையாள அட்டையைக் காட்டாமல் அதன் இலக்கத்தை வாயாற் சொல்ல, அலுவலர் சரி என்று கோவையை எடுத்துக் கொடுப்பது போன்றதே இது. இக்காலத்தார் இதனைக் கேட்டு வியப்பர். ஆயின் 1980 களில் ஓர் ஆய்வுகூடத்துக் கணினிகள் யாவும் இரண்டொரு நிர்வாகிகளின் கையிலேயே இருந்தன. ஆளை நம்புதற்கு மாறாக, அவன் எக்கணினியிலிருந்து வருகின்றான் என்பதைப் பார்த்து, அக்கணினியை நம்புவதே அன்றைய ஏற்பாடு. அந்த ஏற்பாடே இன்றுவரை தொடர்கின்றது.

எனவே சேமிப்பகம் கேட்கும் வினாக்கள் வரிசையாக மூன்று: வருவது எந்தக் கணினி? அக்கணினியிலிருந்து பேசுபவர் எத்தனையாம் எண்ணுடையவர்? அவ்வெண்ணுடையார்க்கு இக்கோப்புறையில் உரிமை யாது? நம்மூர் வளவொன்றை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வேலியிற் படலை, படலையைக் கடந்தால் வீட்டுக் கதவு, கதவையுங் கடந்தால் உள்ளே பெட்டகம். படலையில் நின்று பெட்டகத் திறப்பைத் தேடுவதே நம்மிற் பெரும்பாலார் செய்யும் பிழை.

முதலிற் படலையை நோக்குவோம். லினக்ஸ் சேமிப்பகத்தில் ‘எக்ஸ்போட்ஸ்’ என்னும் சிறு கோப்பு ஒன்று உண்டு. இன்ன கோப்புறையை இன்ன முகவரியுடைய கணினிக்கு இன்ன நிபந்தனையோடு திறக்கலாம் என்று அதில் ஒவ்வொரு வரியாக எழுதப்படும். அப்பட்டியலில் இல்லாத முகவரியிலிருந்து வருவாரைச் சேமிப்பகம் இணையவிடாது. அப்போது தோன்றும் வாசகம் ‘அக்செஸ் டினைட் பை சேர்வர் வைல் மவுண்டிங்’ என்பது. ஈஎஸ்எக்ஸ்ஐ இதனையே சிறிது நீட்டி, இணைக்கும் வேண்டுகோளை என்.எவ்.எஸ். சேவையகம் மறுத்தது, பகிர்வு உள்ளதா எனவும் இணைய அனுமதி உண்டா எனவும் பார்க்க, என்று சொல்லும். ‘மவுண்ட்’ அல்லது ‘மவுண்டிங்’ என்னும் சொல் பிழைச் செய்தியிற் காணப்படுமாயின் நாம் நிற்குமிடம் படலை. அங்கே கோப்புறையின் உரிமைகளை எத்தனை முறை மாற்றியும் பயனில்லை.

பாடசாலையில் நிகழ்ந்தது இதுவே. 2022 இல் நாடெங்கும் மின்வெட்டு. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரையும் சென்றது. மின் போவதும் திடீரென மீள்வதுமாய் இருந்த அந்நாட்களில் றவுட்டர் எனப்படும் வழிப்படுத்தி பழுதாகிவிட, வேறொன்று வாங்கப்பட்டது. பழையது 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளை வழங்கியது; புதியது 192.168.8 என்று தொடங்குவனவற்றை வழங்கியது. சேவையகத்துக்கும் சேமிப்பகத்துக்கும் புதிய முகவரிகளை இட்டோம். மாணவர் பயன்படுத்தும் பக்கங்கள் திறந்தன, மகிழ்ந்தோம். ஆனால் சேமிப்பகத்தின் படலைப் பட்டியலில் சேவையகத்தின் பழைய முகவரியே இருந்தது. இரவு தோறும் காப்புப் பிரதி எழுதச் சென்ற சேவையகத்தை, இரவு தோறும் சேமிப்பகம் திருப்பி அனுப்பியது. அதனை அறிவிக்கும் மின்னஞ்சல், மாற்றலாகிச் சென்ற ஓர் ஆசிரியரின் முகவரிக்குச் சென்றுகொண்டிருந்தது. இவ்வாறு நான்கு மாதம்.

ஒருநாள் சேவையகத்தின் வன்தட்டு கரகரவென ஒலிக்கத் தொடங்கியபோதுதான் காப்புப் பிரதியைத் தேடினோம். கடைசிப் பிரதி நான்கு மாதத்துக்கு முந்தியது. அந்நான்கு மாதத்திற் படமெடுத்தவற்றுள், மேலே சொன்ன பொடிந்த தாள்களும் அடங்கும்.

படலைப் பிழைகளுட் பிறவற்றையும் ஈண்டே சொல்லிவிடுகின்றேன். சேவையகத்தில் இரண்டு வலையமைப்பு அட்டைகள் இருப்பின், நாம் பட்டியலில் எழுதிய முகவரி ஒன்றாகவும் அது உண்மையிற் புறப்படும் முகவரி மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். ஈஎஸ்எக்ஸ்ஐயில் நிர்வாகப் பக்கத்தின் முகவரியை எழுதிவிட்டு, சேமிப்பகத்துக்கென வைத்த விஎம்கேர்னல் முகவரியை மறத்தல் இவ்வகையினது. பகிர்வின் பாதையைப் பிழைபட எழுதுதலும் உண்டு. சினொலொஜிப் பெட்டிகளில் கோப்புறையின் பெயரை மாத்திரம் எழுதினாற் போதாது, அதன்முன் ‘வொல்யூம்1’ என்பதும் வேண்டும். சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடும் நோக்கப்படும். பட்டியலைத் திருத்தியபின் அதனை மீள வாசிக்குமாறு சேமிப்பகத்துக்குக் கட்டளையிடாதுவிடின் பழைய பட்டியலே நடைமுறையில் நிற்கும். இவை யாவற்றிலும் நுட்பமானது ஓர் இடைவெளி பற்றியது. முகவரியை எழுதி, இடைவெளி விடாது அடைப்புக்குறியுள் நிபந்தனைகளை எழுதல் வேண்டும். இடையில் ஒரு வெற்றிடம் விழுந்துவிடின், அம்முகவரிக்கு வெறும் பொது நிபந்தனைகளும், அடைப்புக்குறியுள் எழுதிய தாராளமான நிபந்தனைகள் உலகத்தார் அனைவர்க்கும் எனப் பொருள்படும். ஒற்று மிகாமையாற் பொருள் திரிவதைத் தமிழாசிரியர் மாணவர்க்குக் காட்டுவர். ஒரு வெற்றிடத்தாற் பொருள் இவ்வளவு திரிவதை யான் வேறெங்கும் கண்டதில்லை.

பிழைச் செய்தி ஒன்றுமின்றிக் கணினி நெடுநேரம் காத்துக் கிடக்குமாயின், அது அனுமதி மறுப்பன்று. இடையே தீச்சுவர் எனப்படும் காப்பரண் 2049 ஆம் துறையையோ, மூன்றாம் பதிப்பாயின் 111 ஆம் துறையையோ மறித்துநிற்கின்றது என ஐயுறுக. மறுப்பவன் விடையாவது தருவான். இதில் விடையே வாராது.

பாடசாலையில் புதிய முகவரியைப் பட்டியலில் எழுதினோம். படலை திறந்தது. புறொக்ஸ்மொக்ஸ் திரையில் சேமிப்பகத்தின் பெயரும் கொள்ளளவும் தோன்றின. ஆயினும் காப்புப் பிரதிக்கான கோப்புறையை ஆக்கப் புகுந்த அக்கணமே மீண்டும் ‘பேர்மிஷன் டினைட்’. அதே வாசகத்தைக் கண்டதும் முகவரிதான் இன்னும் பிழையென்று கருதி, திருத்திய பட்டியலையே திரும்பத் திரும்பத் திருத்தி ஒரு பகற்பொழுதை இழந்தோம். வன்தட்டோ கரகரத்துக்கொண்டே இருந்தது.

இப்போது நின்றது கதவில். யூனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில் ‘ரூற்’ என்னும் பயனர் அனைத்து அதிகாரமும் உடையவர். அவரது எண் 0. மெய்நிகராக்கச் சேவையகம் தன் பணிகளை ரூற் ஆகவே செய்கின்றது. சேமிப்பகமோ, அயற்கணினியின் ரூற்றுக்குத் தன்னிடத்தில் ரூற்றின் அதிகாரத்தை வழங்குவதில்லை; வரும் எண் 0 ஆயின் அதனை மாற்றி, ‘நோபடி’, அதாவது யாருமல்லாதவர் எனப்படும் பயனராக நடத்துகின்றது. இதற்கு ‘ரூற் ஸ்குவாஷ்’ என்று பெயர். லினக்ஸில் நாம் ஒன்றுங் கூறாதபோது தானாகவே நடைமுறையில் இருப்பது இதுவே. பண்டை நாளில் ஓர் ஊர் விதானையார் தம்மூரில் எவ்வளவு செல்வாக்குடையவராயினும் அயலூரில் அவர் கட்டளை செல்லாது. அங்கே அவரும் வழிப்போக்கருள் ஒருவரே. அதுபோல்வதே இது.

லினக்ஸில் நோபடியின் எண் 65534. இவ்வெண் எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். விடை கணிதவகுப்புக்கு உரியது. சன் நிறுவனத்தார் இப்பயனருக்கு –2 என்னும் எண்ணை வைத்தனர். 16 துவித இலக்கங்களில் 65536 எண்களை எழுதலாம். அவற்றிற் குறையெண்ணுக்கு இடமில்லாதவிடத்து –2 என்பது 65536 இலிருந்து 2 குறைந்ததாக, 65534 என வாசிக்கப்படும். இஃது அற்பமான செய்தியன்று. பிழை தேடும்போது இந்த எண்ணே நமக்குப் பெருந்துணையாவதைப் பின்னர்க் காண்போம்.

ரூற் ஸ்குவாஷ் இருப்பது தகாதென்று கூறுவாருமுளர். யான் உடன்படேன். கடவுச்சொல் கேளாத நெறிமுறை இது என்று மேலே சொன்னோம். மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து, அதில் தானே ரூற்றாக இருந்து, பகிர்வை இணைத்தால், அனைத்துக் கோப்புக்களும் அவன் கையினவாகும். அதனைத் தடுக்க உதவுவது இவ்விதி. ஆகையால் விதியை நீக்குவதாயின், சேவையகத்தின் ஒரே முகவரிக்கு மாத்திரம் ‘நோ ரூற் ஸ்குவாஷ்’ என்னும் நிபந்தனையை எழுதுக; முழு வலையமைப்புக்கும் எழுதற்க. ஈஎஸ்எக்ஸ்ஐயோடு மூன்றாம் பதிப்பில் இணைக்குமிடத்து, ரூற்றின் அணுக்கம் வேண்டுமென்பதை அந்நிறுவனத்தாரே கூறுவர். ஆண்டு வேறு வழியில்லை. புறொக்ஸ்மொக்ஸில் காப்புப் பிரதி எழுதுதல் மாத்திரமே நோக்கமாயின் இன்னொரு வழியும் உண்டு: ஸ்குவாஷை நீக்காது வைத்து, வருவார் அனைவரையும் நாம் குறித்த ஓர் எண்ணாக மாற்றுமாறு சேமிப்பகத்துக்குச் சொல்லி, அவ்வெண்ணுடையவரையே கோப்புறையின் உடைமையாளராக்குதல். சேவையகத்தை ஒருவன் கைப்பற்றினும் சேமிப்பகத்தில் அவன் ரூற்றாதல் இயலாது என்பது இதன் நன்மை.

கடையில் வாங்கும் பெட்டிகளில் இதே செய்தி வேறு பெயரோடு நிற்கும். சினொலொஜியில் ‘ஸ்குவாஷ்’ என்னும் தெரிவின்கீழ் ‘நோ மப்பிங்’, ‘மப் ரூற் ரு அட்மின்’ என்பன முதலிய தெரிவுகள் உள. முதலாவது 0 ஐ 0 ஆகவே விடும். இரண்டாவது 0 ஐ அட்மின் பயனராக மாற்றும். அனைவரையும் விருந்தினராக மாற்றும் தெரிவும் உண்டு. சேவையகத்துக்கு அதனை வைத்தவர் எழுதமாட்டாது தவிப்பர். ரூநாஸில் ‘மப்ரூற்’ என்றிருக்கும்.

பாடசாலைக்கு மீள்வோம். புதிய முகவரியை எழுதிய நாங்கள், பழைய வரியில் இருந்த ‘நோ ரூற் ஸ்குவாஷ்’ என்னுஞ் சொற்களை மீள எழுதாது விட்டிருந்தோம். பிழை எங்களுடையதே. அதனைக் காணும் முன்னர், அவசரத்தில் உதவ வந்த ஒருவர் எல்லாவற்றையும் திறந்துவிடுவோம் என்று சொல்லிக் கோப்புறையின் உரிமையை 777 ஆக்கினார். உடனே எழுதலாயிற்று. எல்லாரும் ஆறுதலடைந்தோம்.

777 என்பதன் பொருளை மாணவர் அறிதல் நன்று. ஒவ்வொரு கோப்புக்கும் உடைமையாளர், குழுவினர், பிறர் என மூவகையார்; ஒவ்வொருவர்க்கும் வாசித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1 என மூன்று உரிமைகள். மூன்றையுங் கூட்டினால் 7. ஆகவே 777 என்றால் எவரும் எதுவும் செய்யலாம். கோப்புறைக்கு இயக்குதல் என்பது உள்ளே புகுந்து கடந்து செல்லும் உரிமை. மேலுள்ள கோப்புறைகளில் ஒன்றில் அவ்வுரிமை இல்லையாயினும் அடியிலுள்ளது எத்துணைத் தாராளமாயினும் எட்டாது. பெட்டகத்தின் கதை இதுவே. இணைப்பும் உண்டு, ஸ்குவாஷும் இல்லை அல்லது உரிய எண்ணுக்கு மாறுகின்றது, ஆயினும் எழுத முடியவில்லை என்றால் கோப்புறையின் உடைமையாளர் எண்ணையும் இவ்விலக்கங்களையும் நோக்குக. பெரும்பாலும் 755 ஆக இருந்து உடைமையாளர் வேறொருவராக இருப்பார்.

777 கதவையும் பெட்டகத்தையும் ஒருங்கே உடைத்துவிடுவதால் நோய் தீர்ந்தது போலத் தோன்றும். எந்நோய் என்பது தெரியாமலே போய்விடும். சேர்விடாப்பு என்பது பெயர், பிறந்த தேதி, பெற்றார் பெயர், முகவரி, விலகிய காரணம் என்பன அடங்கியது. இப்பகுதியில் அவ்விவரங்களின் கனம் சொல்லாமலே விளங்கும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினையாவிடினும், அயலார் பிள்ளைகளின் விவரத்தை வலையமைப்பில் வந்தவர் யாவரும் வாசிக்கவும் அழிக்கவும் விட்டுவைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. முதற் பிரதி எழுதிமுடிந்த மறுநாள் 777 ஐ நீக்கி, பட்டியலின் வரியைத் திருத்தினோம். அந்த ஒரு நாளைக்கு மாத்திரம் அது பொறுக்கத்தக்கது என்பேன். வன்தட்டு சாகக் கிடந்தது.

நாம் மாற்றியதனால் தீர்ந்ததா, வேறெதனாலோ தீர்ந்ததா என்பதை அறிதற்கு மிக எளிய சோதனை ஒன்று உண்டு. சேவையகத்திலிருந்து பகிர்வில் ஒரு வெற்றுக் கோப்பை ஆக்குக. பின் சேமிப்பகத்துக்குச் சென்று, அக்கோப்பின் உடைமையாளரைப் பெயராலன்றி எண்ணாற் பார்க்குக. 0 எனின் ஸ்குவாஷ் இல்லை. 65534 எனின் ஸ்குவாஷ் உண்டு. 1024 எனின், சினொலொஜியில் அட்மினாக மாறியது. 100000 எனின் வேறு கதை, அதனைச் சொல்கின்றேன்.

புறொக்ஸ்மொக்ஸில் முழு மெய்நிகர்க் கணினிகளேயன்றிக் கொண்டெய்னர் எனப்படும் இலேசான பெட்டிகளும் உண்டு. அவற்றுள் அதிகாரமற்ற வகையில், உள்ளேயுள்ள ரூற்றின் எண் 0 ஆயினும் வெளியே அது 100000 கூட்டப்பட்டே தோன்றும். உள்ளே 1000 எனின் வெளியே 101000. உள்ளிருப்பவர் தாம் ரூற் என்று எண்ணியிருக்க, சேமிப்பகம் காண்பது முன்பின் அறியாத ஒருவரை. பகிர்வைச் சேவையகத்தில் இணைத்துப் பின் கொண்டெய்னருள் விடும்போது எழும் அனுமதிப் பிழைகளிற் பெரும்பங்கு இதனாலேயே. அவ்வெண்ணுக்கே கோப்புறையின் உடைமையைக் கொடுத்தல் ஒரு தீர்வு. இவ்வகைக் கொண்டெய்னர்களின் காப்புப் பிரதியை என்.எவ்.எஸ். பகிர்வில் எழுதும்போது இடைக்காலக் கோப்புறையும் அங்கேயே ஆக்கப்பட்டுப் பிழை தோன்றுவதும் உண்டு. இடைக்கால இடத்தைச் சேவையகத்தின் சொந்தத் தட்டிற் குறித்துவிட்டாற் போதும்.

பிழைச் செய்திகளையும் சொல் தவறாது வாசித்தல் வேண்டும். லினக்ஸில் ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ‘பேர்மிஷன் டினைட்’ 13. ‘ஒபரேஷன் நொட் பேர்மிற்றட்’ என்பது அதனை ஒத்ததாகத் தோன்றினும் வேறு. அதன் எண் 1. முன்னையது, இக்கோப்பைத் தொட உனக்கு உரிமையில்லை என்பது. பின்னையது, தொடலாம், இச்செயலைச் செய்யும் தகுதி உனக்கில்லை என்பது. எழுதுதல் நிகழ்ந்து, கோப்பின் உடைமையை மாற்றுமிடத்துப் பின்னையது தோன்றினால், ரூற் வேறொருவராக மாற்றப்பட்டுள்ளார் என்று அப்பொழுதே துணியலாம். 30 ஆயின் வாசிக்க மாத்திரம் திறந்த பகிர்வு. 116, ‘ஸ்ரேல் பைல் ஹாண்டில்’, அனுமதி பற்றியதே அன்று. சேவையகம் பிடித்துக்கொண்டிருந்த கோப்புறை சேமிப்பகத்தில் அழிந்தோ மாறியோ போயிற்று. இணைப்பை விடுத்து மீள இணைக்க.

நான்காம் பதிப்பில் உடைமையாளர் எண்களுக்குப் பதிலாகப் பெயர்களும் ஆட்சிப்பெயரும் பரிமாறப்படுவதுண்டு. இரு கணினிகளிலும் ஆட்சிப்பெயர் ஒவ்வாதாயின் எல்லாக் கோப்பும் நோபடிக்கு உரியனவாகக் காட்டப்படும். எண்ணை நம்பும் சாதாரண அமைப்பில் இது பெரும்பாலும் காட்சிப் பிழையே. எழுதிப் பார்த்து முடிவுசெய்க. குழுக்கள் பற்றியும் ஒரு வரம்பு உண்டு. ஒருவர் 16 க்கு மேற்பட்ட மேலதிகக் குழுக்களைச் சேர்ந்தவராயின் எஞ்சியவை சேமிப்பகத்துக்குச் சொல்லப்படுவதில்லை. சிறிய பாடசாலைகளுக்கு இது நேராது, பல்கலைக்கழகங்களில் நேரலாம். ஈஎஸ்எக்ஸ்ஐ உடையார்க்கு ஓர் எச்சரிக்கை: ஒரே பகிர்வை ஒரு சேவையகத்தில் மூன்றாம் பதிப்பாகவும் மற்றொன்றில் 4.1 ஆகவும் இணைத்தல் கூடாது. பூட்டும் முறை இரண்டிலும் வேறாதலின் ஒன்றை ஒன்று அறியாது எழுதிக் கோப்புக்களைக் கெடுத்துவிடும்.

விண்டோஸ் உலகத்து எஸ்.எம்.பீ. நெறிமுறை பற்றி விரிக்கவில்லை. அது ஆளையே கடவுச்சொற் கொண்டு அறிவது. அங்கே 13 என்னும் எண் தோன்றின் பெரும்பாலும் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ பிழை. 2017 மே மாதத்து வொன்னகிறை நோய் பரவியபின் அதன் முதலாம் பதிப்பைப் புதிய முறைமைகள் பல இயல்பாக ஏற்பதில்லை.

இன்னொன்றை மாத்திரம் சேர்க்க விரும்புகின்றேன், பட்டுத் தெளிந்தது. சேமிப்பகத்தைப் புறொக்ஸ்மொக்ஸின் என்.எவ்.எஸ். தெரிவின் வழியே சேர்க்காது, தாமே இணைத்து வெறுங் கோப்புறையாகச் சேர்ப்பார் உளர். அவர்க்குப் படலை மூடிய நாளில் பிழைச் செய்திகூட வாராது. இணைப்பு இல்லாதபோது அக்கோப்புறை சேவையகத்தின் சொந்தத் தட்டில் வெற்றிடமாக நிற்கும். காப்புப் பிரதி அங்கேயே எழுதப்படும். எல்லாம் நலமென்று அறிக்கையும் வரும். காக்க வேண்டிய தட்டிலேயே காப்பும் கிடக்கும். இணைப்புப் புள்ளியா என்று சோதித்த பின்னரே எழுதுமாறு கூறும் தெரிவு ஒன்று அங்குண்டு, அதனை இயக்கிவைக்க.

பாடசாலையின் வன்தட்டு, திருத்திய வரியோடு எழுதிய இரண்டாம் பிரதி முடிந்து ஒன்பதாம் நாள் நின்றது. புதிய தட்டில் அப்பிரதியை மீட்டபோது பொடிந்த தாள்களின் படங்கள் திறந்தன. இப்போது மாதத்தின் முதற் திங்கட்கிழமை, உயர்தர வகுப்பு மாணவர் இருவர் சேவையகத்திலிருந்து அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட வெற்றுக் கோப்பொன்றைப் பகிர்வில் ஆக்கி, சேமிப்பகத்தில் அதன் எண்ணைப் பார்த்து, சம்பவத் திரட்டுப் புத்தகத்திற் கையால் எழுதிவைக்கின்றனர்.